டீட்ரிக் பிராண்டிஸ்: யானை மேலிருந்து மரம் எண்ணிய ஜெர்மானியர் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டீட்ரிக் பிராண்டிஸ் யார்?

1824 மார்ச் 31 அன்று இன்றைய ஜெர்மனியின் போன் நகரில் பிறந்து, 1907 மே 28 அன்று அதே நகரில் இறந்த தாவரவியலாளர். இடையில் 1856 முதல் 1883 வரை பிரிட்டிஷ் இந்திய அரசின் வன அதிகாரி. முதலில் பர்மாவின் பெகு காடுகளுக்குக் கண்காணிப்பாளர். 1864 முதல் இந்தியா முழுவதற்கும் காடுகளின் இன்ஸ்பெக்டர் ஜெனரல். அந்தப் பதவியில் உட்கார்ந்த முதல் ஆள் அவர்தான்.

மலையடிவாரத்தில் ‘காப்புக்காடு, அத்துமீறி நுழையாதே’ என்று ஒரு பலகை நிற்கும், பார்த்திருப்பீர்கள். அதன் பின்னால் இருக்கும் சட்டத்திலும், அதை நட்ட துறையின் பதவி அடுக்கிலும், அந்தத் துறை பத்தாண்டுக்கு ஒருமுறை தயாரிக்கும் செயல்திட்டத்திலும் இவர் கை இருக்கிறது. ‘இந்திய வனவியலின் தந்தை’ என்று பாடநூல்கள் எழுதிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுகின்றன. ஆனால் அந்தப் பட்டத்தைவிட ஆள் சுவாரஸ்யமானவர்.

எப்படிப்பட்ட குடும்பம்?

படித்த குடும்பம். அப்பா கிறிஸ்டியான் ஆகஸ்ட் பிராண்டிஸ் போன் பல்கலைக்கழகத்தில் தத்துவப் பேராசிரியர், அரிஸ்டாட்டில் நூல்களில் ஊறியவர். தாத்தா கோபன்ஹேகனில் டென்மார்க் அரச குடும்பத்துக்கு மருத்துவராக இருந்தவர். 1830களின் பிற்பகுதியில் அப்பாவுக்குக் கிரேக்கத்தின் இளம் மன்னர் ஓட்டோவிடம் ஆலோசகர் வேலை கிடைக்க, குடும்பம் ஏதென்ஸுக்குப் போனது. பையன் செடி சேகரிக்கத் தொடங்கியது அங்கேதான். பிறகு கோபன்ஹேகன், கோட்டிங்கன், போன் என்று படித்து, 1840களின் கடைசியில் போன் பல்கலைக்கழகத்திலேயே தாவரவியல் விரிவுரையாளர் ஆனார்.

அப்படியானால் அவர் வனவியல் படித்தவர் இல்லையா?

இல்லை. பலருக்கு இது தெரிவதில்லை.

அந்தக் காலத்து ஜெர்மானிய நாடுகளில் வனவியல் தனிப் படிப்பாகவே வளர்ந்திருந்தது. (ஜெர்மனி என்ற ஒரே நாடு 1871இல்தான் உருவாயிற்று. போன் அப்போது பிரஷ்யாவைச் சேர்ந்தது.) ஹைன்ரிக் கோட்டா 1811இல் சாக்சனியின் தாரண்ட் என்ற ஊரில் வனவியல் பள்ளி நடத்த ஆரம்பித்துவிட்டார். கேயார்க் லூட்விக் ஹார்ட்டிக் பிரஷ்யாவின் காடுகளைக் கணக்குப் போட்டு நிர்வகித்துக்கொண்டிருந்தார். அதற்கும் முன்பே, 1713இல், ஹான்ஸ் கார்ல் ஃபான் கார்லோவிட்ஸ் என்ற சுரங்க அதிகாரி, வெட்டுகிற அளவு வளர்கிற அளவைத் தாண்டக் கூடாது என்று நூலே எழுதியிருந்தார். வெள்ளிச் சுரங்கங்களுக்கு மரத்துக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டதால் வந்த யோசனை அது.

பிராண்டிஸ் இந்தப் பள்ளிகளில் தேர்வு எழுதவில்லை. ஆனால் அந்தச் சூழலில் வளர்ந்தவர். ஒரு மரம் எத்தனை ஆண்டில் எவ்வளவு பருக்கும், எத்தனையை வெட்டலாம் என்று கேட்டுப் பழகிய மண்ணிலிருந்து, ஒரு செடியை இலை, பூ, காய் என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்த கண்ணோடு வந்தார். பர்மாவில் இரண்டும் வேண்டியிருந்தன.

போன் நகரில் பாடம் நடத்தியவர் பர்மாவுக்கு எப்படிப் போனார்?

கல்யாணத்தின் வழியாக. 1854இல் ரேச்சல் என்ற பெண்ணை மணந்தார். வங்காளத்தின் செராம்பூரில் அச்சுக்கூடமும் பள்ளிகளும் நடத்திய மிஷனரி ஜோஷுவா மார்ஷ்மனின் மகள் அவர். முதல் கணவர் ஃபோக்ட், செராம்பூரில் டேனிஷ் அரசின் மருத்துவர், தாவரவியலாளரும்கூட. ரேச்சலின் சகோதரி ஹன்னா, படைத் தளபதி ஹென்றி ஹேவ்லாக்கின் மனைவி. ஆக பிராண்டிஸும் ஹேவ்லாக்கும் சகலைகள். ஹேவ்லாக்கின் வாய்வழியே கவர்னர் ஜெனரல் டல்ஹவுசியின் காதுக்குப் பிராண்டிஸின் பெயர் போனது.

டல்ஹவுசிக்கும் அப்போது ஆள் தேவைப்பட்டது. 1852 பர்மியப் போரில் பெகுவைப் பிடித்தாயிற்று. அங்கே தேக்கு இருந்தது, அதைப் பார்த்துக்கொள்ளத் தெரிந்த ஆள் இல்லை. முதல் கண்காணிப்பாளரான ஜான் மெக்லெலண்ட் கொடுத்த அறிக்கையை வைத்து, தேக்குக் காடு அரசின் சொத்து என்ற கொள்கையை 1855 ஆகஸ்டில் டல்ஹவுசி அறிவித்தார். 1856 தொடக்கத்தில் பிராண்டிஸ் வேலையில் சேர்ந்தார். வயது 31.

பிரிட்டிஷ் அரசுக்கு ஏன் ஒரு ஜெர்மானியர்? சொந்த ஆள் இல்லையா?

இல்லை. இங்கிலாந்தில் அப்போது வனவியல் பள்ளி ஒன்றுகூடக் கிடையாது. பிரபுக்களுக்கு வேட்டைப் பூங்காக்கள் இருந்தன, தோட்டக்காரர்கள் இருந்தார்கள். கப்பலுக்கும் வீட்டுக்கும் வேண்டிய மரத்தைப் பால்டிக் கரையிலிருந்தும் கனடாவிலிருந்தும் வாங்கினார்கள். கடல் கையில் இருந்தவரை காட்டைப் பற்றிக் கவலைப்படும் அவசியம் வரவில்லை.

இந்தியாவில் வன வேலை பார்த்த பிரிட்டிஷார் பெரும்பாலும் மருத்துவர்கள். பம்பாயில் அலெக்சாண்டர் கிப்சன், சென்னையில் ஹியூ கிளெக்ஹார்ன். மருந்துச் செடி படித்ததால் தாவரம் தெரிந்தவர்கள். கிளெக்ஹார்ன் சென்னையிலேயே பிறந்தவர். 1856இல் சென்னை மாகாணத்தின் வனப் பாதுகாவலர் ஆனார். திறமையில் பிராண்டிஸுக்குக் குறைந்தவர் அல்ல என்பது என் கருத்து. பிராண்டிஸ் விடுப்பில் போனபோது இன்ஸ்பெக்டர் ஜெனரல் பொறுப்பைப் பார்த்ததும் அவர்தான். ஆனால் தந்தைப் பட்டம் ஒருவருக்குத்தானே கிடைக்கும்.

பெகுவில் தேக்கு வெட்டுவது எப்படி நடந்தது?

பச்சைத் தேக்கு தண்ணீரில் மிதக்காது. அதனால் முதலில் மரத்தின் அடியைச் சுற்றிப் பட்டையையும் அதற்குள் இருக்கும் வெளிர்மரத்தையும் வளையமாக வெட்டி விடுவார்கள். மரம் நின்றபடியே செத்துக் காயும். இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்து வெட்டிச் சாய்த்து, யானைகளை வைத்து ஓடைக்கு இழுத்துப் போடுவார்கள். மழைக்காலத்து வெள்ளம் கட்டைகளைப் பெரிய ஆற்றுக்குக் கொண்டுபோகும். அங்கே தெப்பமாகக் கட்டி ரங்கூனுக்கு மிதக்க விடுவார்கள்.

எனவே இன்று வளையம் வெட்டிய மரத்தின் பணம் கைக்கு வர நான்கைந்து ஆண்டுகள் ஆகும். வணிகர்களோ அவசரக்காரர்கள். ஆற்றோரத்துப் பெருமரங்களை முடித்துவிட்டு அடுத்த பள்ளத்தாக்குக்கு நகர்வதே அவர்கள் கணக்கு. அந்தப் பள்ளத்தாக்கில் எத்தனை மரம் நிற்கிறது, அடுத்த தலைமுறை மரம் இருக்கிறதா என்பதற்கு யாரிடமும் எண் இல்லை.

அவர் மரங்களை எண்ணிய முறை என்ன?

இந்தப் பக்கத்தில் நிதானமாகப் படிக்க வேண்டிய இடம் இது. என் பார்வையில் பிராண்டிஸ் செய்த ஒரே புதுமை இந்த எண்ணிக்கைதான். சட்டம், துறை, பள்ளி எல்லாம் அதிலிருந்து கிளைத்தவை.

ஆயிரக்கணக்கான சதுர மைல் காடு. வரைபடம் கிடையாது. மூங்கில் புதர் தலைக்கு மேல். எல்லா மரத்தையும் அளப்பது நடக்காத காரியம். எனவே பிராண்டிஸ் ஒரு கோட்டைத் தேர்ந்தெடுத்து, மலை முகட்டிலோ ஓடைக் கரையிலோ யானை மேல் போவார். இடது கையில் நான்கு மூங்கில் குச்சிகள், வலது கையில் பேனாக்கத்தி. ஒவ்வொரு குச்சியும் ஒரு பருமன் வகுப்பு. சுற்றளவு 6 அடியும் அதற்கு மேலும் உள்ள தேக்கு முதல் வகுப்பு, அதற்குக் கீழே இன்னும் மூன்று வகுப்புகள். கோட்டின் இருபுறமும் கண்ணில் படும் ஒவ்வொரு தேக்குக்கும் உரிய குச்சியில் ஒரு வெட்டு. மழையில் காகிதம் ஊறிப் போகும், மூங்கிலில் விழுந்த வெட்டு அழியாது. மாலையில் முகாமுக்குத் திரும்பி வெட்டுகளை எண்ணிப் பேரேட்டில் ஏற்றுவார்.

போன தூரம் தெரியும், பார்வை எட்டிய அகலமும் ஏறக்குறையத் தெரியும். அந்தப் பட்டையில் இருந்த மரங்களிலிருந்து முழுக் காட்டுக்கும் கணக்குப் போடலாம். மாதிரிக் கணக்கெடுப்பு என்று இன்று புள்ளியியல் வகுப்பில் சொல்லித் தருவதை, காய்ச்சல் பிடித்த காட்டில் யானை மேல் உட்கார்ந்து செய்தார்.

அடுத்த படி இன்னும் முக்கியம். இரண்டாம் வகுப்பு மரம் பருத்து முதல் வகுப்புக்கு ஏற எத்தனை ஆண்டு ஆகும்? வெட்டிய அடிமரங்களின் வளையங்களை எண்ணிப் பார்த்து அதையும் மதிப்பிட்டார். அப்படியானால் ஓர் ஆண்டில் எத்தனை மரம் முதல் வகுப்புக்குள் நுழைகிறதோ, அத்தனையை மட்டும்தான் அந்த ஆண்டு வெட்டலாம். இவ்வளவே விதி. ஐரோப்பாவில் ஒரே வயது மரங்களை வரிசையாக நட்ட காடுகளுக்கு எழுதிய கணக்கை, நூறு வகை மரங்களுக்கு நடுவே தேக்கு அங்கொன்றும் இங்கொன்றுமாக நிற்கும் காட்டுக்கு ஏற்றபடி மாற்றிய விதி. அதைப் போட வனவியல் பட்டதாரியைவிடத் தாவரவியலாளரே பொருத்தமாக இருந்தார் என்று தோன்றுகிறது. பட்டதாரி என்றால் ஜெர்மன் பாடநூலை அப்படியே இறக்கியிருக்கக்கூடும்.

வணிகர்கள் சும்மா இருந்தார்களா?

இருக்கவில்லை. ரங்கூன், மௌல்மேன் மர வணிகர்கள் காட்டைத் தங்களுக்குத் திறந்துவிடச் சொல்லி அரசை நெருக்கினார்கள். தனியாரிடம் விட்டால் காடு செழிக்கும், வருமானம் பெருகும் என்பது அவர்கள் வாதம். பிராண்டிஸ் பதிலுக்குத் தன் எண்களைக் காட்டினார். பக்கத்துத் தெனாசெரிமில் தனியாரிடம் விட்ட காடுகள் சில பத்தாண்டுகளில் என்ன ஆயின என்பது எல்லோர் கண்முன்னும் இருந்தது. 1860களின் தொடக்கத்தில் பெகு காடுகளில் வேலை செய்யத் தனியாருக்கும் அனுமதி வந்தது. ஆனால் எந்த மரத்துக்கு வளையம் வெட்டுவது என்ற முடிவு வனத்துறை கையிலேயே இருந்தது. அதை விடாமல் பிடித்துக்கொண்டதில்தான் அவருடைய சாமர்த்தியம்.

டவுங்யா முறை என்பது என்ன? அதை அவர்தான் கண்டுபிடித்தாரா?

டவுங்யா என்றால் பர்மிய மொழியில் மலைக்காட்டுப் புனம். கரேன் மக்கள் ஒரு சரிவின் மரங்களை வெட்டி, காயவிட்டு, எரித்து, சாம்பலில் நெல் விதைப்பார்கள். ஓரிரு போகம் முடிந்ததும் அடுத்த சரிவுக்குப் போவார்கள். எரிகிற மரங்களில் தேக்குக் கன்றுகளும் இருக்கும். தேக்கு அரசின் சொத்து என்று அறிவித்த பிறகு இது குற்றமாயிற்று. கரேன்கள்மேல் வழக்குகள் வந்தன.

பிராண்டிஸ் வேறு வழி பார்த்தார். காட்டை எரித்து நெல் விதை, ஆனால் நெல்லோடு வரிசையாகத் தேக்கும் நடு. நெல்லுக்குக் களை எடுக்கும்போது தேக்குக்கும் களை எடுத்ததாகும். ஓரிரு ஆண்டில் நீ கிளம்பும்போது பிழைத்து நிற்கும் கன்றுகளுக்குக் கூலி உண்டு, பழைய வழக்கும் தொல்லை செய்யாது. 1856இலேயே தாராவாடி பக்கத்துக் காடுகளில் இதற்கான முதல் முயற்சிகள் நடந்தன. ஓரிரு பத்தாண்டுகளில் பெரிய அளவில் பரவியது. பிறகு சிட்டகாங், வங்காளம், கேரளம், ஆப்பிரிக்கா என்று போய், இன்று வேளாண் காடுகள் பற்றிய எந்தப் பாடமும் இந்தப் பெயரைச் சொல்லாமல் தொடங்குவதில்லை.

கண்டுபிடித்தது யார் என்று கேட்டால், புனம் கரேன்களுடையது. எந்தச் சரிவு விளையும், எப்போது எரிக்க வேண்டும் என்ற அறிவும் அவர்களுடையது. பிராண்டிஸ் அதில் அரசின் மரத்தைச் சேர்த்தார். மலிவான யோசனை, இரு தரப்புக்கும் உடனடி லாபம். ஆனால் தேக்கு நட்ட சரிவுக்குக் கரேன் குடும்பம் மறுபடி திரும்பிவர முடியாது. பத்துப் பதினைந்து ஆண்டு கழித்து வந்து எரிக்க வேண்டிய இடத்தில், தன் கையாலேயே நட்ட காப்புக்காடு நிற்கும். டவுங்யாவைப் புகழும் கட்டுரைகள் இந்த இடத்தை வேகமாகக் கடந்துவிடுவதைக் கவனித்திருக்கிறேன்.

பெகுவிலிருந்து இந்தியா முழுவதற்கும் எப்படித் தலைவர் ஆனார்?

ரயில்தான் காரணம். 1853இல் பம்பாய்–தானே, 1856இல் சென்னை ராயபுரம்–வாலாஜா ரோடு. ஒரு மைல் தண்டவாளத்துக்கு 1,700 முதல் 2,000 சிலீப்பர் கட்டைகள் வேண்டும். சில ஆண்டில் அவை மட்கிப்போகும், மறுபடி மாற்ற வேண்டும். 1857 கிளர்ச்சிக்குப் பிறகு ரயில் பாதைகளை வேகமாக நீட்டினார்கள். கறையான் தாங்கும் மரங்கள் என்றால் தேக்கு, சால், தேவதாரு என்று சிலதான். இமயமலைத் தேவதாருக் காடுகளை ஒப்பந்தக்காரர்கள் மொட்டையடித்துக்கொண்டிருந்தார்கள். வெட்டிய கட்டையில் ஒரு பகுதி ஆற்றுக்கு வந்து சேராமலே கிடந்து மட்கியது. சென்னைப் பக்க ரயில்கள் நிலக்கரி கிடைக்காமல் விறகில் ஓடின. கடலோரத்தில் சவுக்குத் தோப்புகள் பெருகியதற்கு அதுவும் ஒரு காரணம்.

1862இன் இறுதியில் பிராண்டிஸை அழைத்து ஆலோசனை கேட்டார்கள். 1864இல் துறை உருவானது. அதற்கு முந்தைய ஆண்டு ரேச்சல் இறந்துவிட்டார். 1867இல் கத்தரினா ஹாஸ்ஸேயை மறுமணம் செய்துகொண்டார்.

1865, 1878 வனச் சட்டங்களில் அவர் பங்கு என்ன?

1865 சட்டம் அவசரத்தில் எழுதிய சின்னச் சட்டம். மரம் நிற்கும் நிலத்தை ‘அரசுக் காடு’ என்று அறிவிக்கலாம், ஏற்கெனவே இருக்கும் உரிமைகளைக் குறைக்கக் கூடாது என்றது. அந்த உரிமைகள் எவை, யாருக்கு என்று தீர்ப்பதற்கு வழி சொல்லவில்லை. அதை மாற்ற வேண்டும் என்று பிராண்டிஸ் உடனே ஆரம்பித்துவிட்டார். பத்தாண்டுக்கு மேல் சண்டை நடந்தது.

ஒரு பக்கம் பேடன்-பவல் என்ற பிரிட்டிஷ் இந்திய அதிகாரி. (சாரணர் இயக்கம் கண்டவரின் அண்ணன்; அப்பா ஒருவரே, அம்மா வேறு.) மேய்ச்சலும் விறகும் மக்கள் அனுபவித்து வந்த சலுகைகளே, உரிமை அல்ல, மன்னர் எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம் என்பது அவர் கட்சி. மறுபக்கம் சென்னை அரசின் வருவாய் அதிகாரிகள்: காடு ஊருக்குரியது, அரசு தலையிடத் தேவையில்லை. பிராண்டிஸ் நடுவில் நின்றார். ரயிலுக்கும் கப்பலுக்கும் ஆற்று நீருக்கும் இன்றியமையாத காடுகளை அரசு முழுதாக எடுத்துக்கொள்ளட்டும், எடுக்கும்போது உரிமைகளை எழுத்தில் பதிந்து தீர்க்கட்டும், மீதியில் ஒவ்வொரு ஊருக்கும் அதன் சொந்தக் காட்டை ஒதுக்கி ஊராரே நிர்வகிக்கட்டும் என்றார். ஜெர்மனியிலும் பிரான்ஸிலும் ஊர்ப் பொதுக்காடுகள் நன்றாக நடப்பதைப் பார்த்தவர் அவர்.

1878 சட்டத்தில் மூன்று வகையும் இடம்பெற்றன: காப்புக்காடு, பாதுகாக்கப்பட்ட காடு, ஊர்க்காடு. நடந்ததோ வேறு. காப்புக்காடு ஆண்டுக்கு ஆண்டு பெருகியது. ஊர்க்காடு அத்தியாயம் பெரும்பாலும் ஏட்டிலேயே கிடந்தது. உரிமை கோருபவர் 3 மாதத்துக்குக் குறையாத கெடுவுக்குள் அதிகாரி முன்னால் வந்து எழுதிக்கொடுக்க வேண்டும் என்றார்கள். எழுத்தே அறியாத மலைவாசிக்கு அறிவிப்பே போய்ச் சேர்ந்திருக்காது. பூனா சார்வஜனிக் சபை இந்தச் சட்டத்தை அப்போதே எதிர்த்தது.

சென்னை மாகாணத்தோடு அவருக்கு என்ன தொடர்பு?

1878 சட்டத்தைச் சென்னை ஏற்கவில்லை. அதற்கு முன்பே, 1871இல், சென்னை வருவாய் வாரியம் தெளிவாக எழுதியிருந்தது: இந்த மாகாணத்தில் ஏதோ ஓர் ஊரின் எல்லைக்குள் வராத காடு என்று அநேகமாக ஒன்றுமே இல்லை, தேக்கு, சந்தனம், ஏலம் போன்றவற்றுக்கு வரி வாங்கியதைத் தவிர அரசு அவற்றில் சொத்துரிமை கொண்டாடியதும் இல்லை. பிரிட்டிஷ் அதிகாரிகளே எழுதிய வரிகள் என்பதை நினைவில் வையுங்கள்.

1881இல் இந்திய அரசு பிராண்டிஸைச் சென்னைக்கே அனுப்பியது. மாவட்டம் மாவட்டமாகச் சுற்றினார், அதிகாரிகளோடு உட்கார்ந்து பேசினார். 1882இல் சென்னை வனச் சட்டம் நிறைவேறியது. 1883இல் சென்னை மாகாண வன நிர்வாகம் பற்றிய அவருடைய விரிவான ஆலோசனைகள் நூலாக வந்தன. இந்தியாவில் அவர் பார்த்த கடைசிப் பெரிய வேலை இதுவே. அந்த 1882 சட்டம் தமிழ்நாடு வனச் சட்டம் என்ற பெயரில் இன்றும் உயிரோடு இருக்கிறது. ஆடு பிடித்து அபராதம் போடும் வனக்காப்பாளர் எடுத்துக் காட்டுவது, பல திருத்தங்களுக்குப் பிறகும், அதே சட்டத்தைத்தான்.

கோயில் காடுகளைப் பற்றி அவர் எழுதினார் என்பது உண்மையா?

உண்மை. ஓய்வுக்குப் பிறகு இந்தியர்களின் சொந்த வனப் பாதுகாப்பைப் பற்றி எழுதியபோது, தெய்வத்தின் பெயரால் காத்த காடுகளை ஏறக்குறைய எல்லா மாகாணங்களிலும் பார்த்ததாகச் சொல்கிறார். குடகின் தேவரகாடுகள், மேகாலயத்தின் காசி மலைகளின் காடுகள் ஆகியவற்றோடு நம் பக்கத்தையும் குறிப்பிடுகிறார்: ஏலகிரியின் சாமி சோலை, சவ்வாது மலையில் புதூர்க் காடு, சேர்வராயன் மலையின் சில காடுகள். ராஜபுதன மன்னர்கள் வறண்ட நிலத்தில் காடு வளர்ப்பதிலிருந்து பிரிட்டிஷார் கற்க வேண்டும் என்ற கருத்தும் அவருக்கு இருந்தது. ஆக, காக்கத் தெரியாத மக்கள் என்ற வாதத்தை அவர் நம்பியிருக்க முடியாது. தெரிந்தும் காப்புக்காடு அமைத்தார்.

அப்படியானால் அவர் காட்டைக் காத்தவரா, மக்களிடமிருந்து பறித்தவரா?

இரண்டும் ஒரே வேலையின் இரு பக்கங்கள் என்பதே என் பதில். எண்ணியதால்தான் வணிகரைத் தடுக்க முடிந்தது. ஆனால் எண்ணுவதற்குக் காட்டை ஒரே உடைமையாளர் கையில் கொண்டுவர வேண்டியிருந்தது. அவர் குச்சிகளில் தேக்குக்கு நான்கு வகுப்புகள் இருந்தன. தழைக்கும் தேனுக்கும் கிழங்குக்கும் ஒரு குச்சியும் இல்லை. கணக்கில் வராதது சட்டத்திலும் வரவில்லை.

பிராண்டிஸை மட்டும் வில்லனாக்குவதும் சரியில்லை. ஊர்க்காட்டுக்காக அவர் கடைசிவரை வாதாடியதற்கு எழுத்துச் சான்று இருக்கிறது. பேடன்-பவல் முழுதாக வென்றிருந்தால் நிலைமை இன்னும் மோசமாகியிருக்கும். ஆனால் 19 ஆண்டுகள் தலைவராக இருந்தவர், பாதிச் சட்டம் நடக்கிறது, மீதிப் பாதி தூங்குகிறது என்று பார்த்துக்கொண்டே துறையை வளர்த்தார். அந்தப் பொறுப்பிலிருந்து அவரை விடுவிக்க எனக்கு மனம் இல்லை. பறிபோன உரிமைகளுக்கு இந்திய நாடாளுமன்றம் வன உரிமைச் சட்டம் போட 2006 ஆயிற்று.

துறைக்கு ஆட்களை எங்கிருந்து பிடித்தார்?

முதலில் ஜெர்மானிய நாடுகளிலிருந்து. 1866இல் விடுப்பில் போனபோது வில்ஹெல்ம் ஷ்லிக், பெர்த்தோல்ட் ரிப்பென்ட்ராப் என்ற இரு ஜெர்மானிய வனவியலாளர்களைத் தேர்ந்தெடுத்தார். அவருக்குப் பிறகு இருவரும் அடுத்தடுத்து இன்ஸ்பெக்டர் ஜெனரல் ஆனார்கள். பிரிட்டிஷ் இந்தியக் காடுகளின் முதல் மூன்று தலைவர்களும் ஜெர்மானியர்கள். பிரிட்டிஷ் இளைஞர்களைப் பிரான்ஸின் நான்சிக்கும் ஜெர்மனிக்கும் அனுப்பிப் பயிற்சி கொடுக்கவும் ஏற்பாடு செய்தார். 1878இல் டேராடூனில் வனப்பள்ளி தொடங்கியது. ரேஞ்சர்களை அங்கே உருவாக்கினார்கள். இன்றைய வன ஆராய்ச்சி நிறுவனத்தின் வேர் அதுதான்.

அவர் தவறாகக் கணித்தது ஏதாவது உண்டா?

நெருப்பு. காட்டுத்தீயை அறவே தடுக்க வேண்டும் என்பதில் துறை பிடிவாதமாக இருந்தது. 1860களில் மத்திய மாகாணத்தின் போரி காட்டில் பியர்சன் என்ற அதிகாரி தீத்தடுப்புக் கோடு வெட்டி வெற்றி கண்டதும், அதையே எங்கும் செய்யச் சொன்னார்கள். வறண்ட காட்டில் பலன் இருந்தது. பர்மாவின் ஈரக்காட்டில் எதிர்மாறு. தீ வராத இடத்தில் மூங்கிலும் பசுமைமாறா மரங்களும் அடர்ந்து, வெளிச்சம் கேட்கும் தேக்குக் கன்று முளைக்காமல் போனது. கரேன்கள் எரித்துவந்ததும் தேக்குக்கு ஒரு வகையில் உதவியிருக்கிறது என்பதை அங்கேயே வேலை பார்த்த அதிகாரிகள் 1890களில் சொல்லத் தொடங்கினார்கள். துறை கேட்க இன்னும் காலம் பிடித்தது.

அமெரிக்க வனத்துறைக்கும் இவருக்கும் சம்பந்தம் உண்டு என்கிறார்களே?

உண்டு. 1889இல் கிஃபர்ட் பின்ஷோ என்ற பணக்கார வீட்டு இளைஞர் வனவியல் கற்க ஐரோப்பா வந்து போன் நகரில் பிராண்டிஸைப் பார்த்தார். அவர் பையனை நான்சிக்கு அனுப்பினார், சுவிட்சர்லாந்தின் சீல் பள்ளத்தாக்குக் காட்டில் வேலை பழகச் சொன்னார். 1905இல் பின்ஷோ அமெரிக்க வனச் சேவையின் முதல் தலைவர் ஆனார். வட கரோலினாவின் பில்ட்மோர் பண்ணைக்குக் கார்ல் ஷெங்க் என்ற ஜெர்மானியரைப் பரிந்துரைத்ததும் பிராண்டிஸே. ஷெங்க் 1898இல் அங்கே ஒரு வனவியல் பள்ளி தொடங்கினார். ஓய்வு பெற்ற அதிகாரி வீட்டுத் திண்ணை என்று நினைத்தால், அங்கிருந்து கடிதம் வழியே இரண்டு கண்டங்களுக்கு ஆள் அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறார்.

நூல்கள் எழுதினாரா?

இரண்டு பெரிய நூல்கள். முதலாவது வடமேற்கு, மத்திய இந்தியாவின் காட்டுத் தாவரங்கள் பற்றியது. ஸ்டூவர்ட் என்ற மருத்துவர் தொடங்கி வைத்ததை லண்டனின் கியூ தாவரவியல் தோட்டத்தில் உட்கார்ந்து முடித்து 1874இல் வெளியிட்டார். அடுத்த ஆண்டு லண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. 1887இல் ‘சர்’ பட்டம். இரண்டாவது நூல் ‘இந்திய மரங்கள்’. சுமார் 4,400 மர, புதர், கொடி இனங்கள். 1906இல் அது அச்சாகி வந்தபோது ஆசிரியருக்கு வயது 82. மறு ஆண்டு காலமானார்.

அவர் பெயர் இன்று தாவரங்களில் எங்கே இருக்கிறது?

பிராண்டிசியா என்ற பேரினம் அவர் பெயரைத் தாங்குகிறது. தவிர, அவரே விவரித்த இனங்களின் அறிவியல் பெயருக்குப் பின்னால் ‘பிராண்டிஸ்’ என்று இருக்கும். குங்கிலிய மரங்களின் குடும்பத்தை 1890களில் அவர் முறைப்படுத்தி எழுதியதால் அந்தப் பக்கம் நிறைய கிடைக்கும். நமக்குக் கிட்டத்தில் உள்ளது மேற்குத் தொடர்ச்சி மலையின் டிப்டெரோகார்ப்பஸ் போர்டிலோனி. திருவிதாங்கூர் வனப் பாதுகாவலர் போர்டிலனின் பெயரை அதற்கு வைத்தவர் பிராண்டிஸ். ஒட்டுப்பலகைக்காக வெட்டித் தீர்த்ததில் அது இப்போது மிகவும் அருகிவிட்ட இனங்களின் பட்டியலில் இருக்கிறது.